இருபதாவது விநாடி

மார்ச் 3, செவ்வாய்

செயற்குழுக் கூட்டம், மூன்று மணி நேரம். விவாதித்த பொருள்: சங்கக் கடிதத்தாளில் மைக் படம் இடது மூலையில் இருப்பதா, வலது மூலையிலா. முடிவு எட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

வானொலியாளர் சங்கத்துக்கு நான் தலைவியாகி ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. பதினொரு நிலையங்கள், எண்பத்தாறு உறுப்பினர்கள். அத்தனை பேருக்கும் வாய் இருக்கிறது. காது இருக்கிற ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் முறைக்காகத் தொண்டையைச் செருமிக்கொள்கிற கூட்டம் இது.

செயலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வெண்கலம். குரல் அப்படிக் கணீரென்று இருக்கும். என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. துணைத்தலைவர் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தாலும் 'காலை வணக்கம்' என்பார், அதுவே அவர் பெயராகிவிட்டது. மே கடைசியில் தேர்தல். என் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண். இப்போதே எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பத் தொடங்கிவிட்டார். எனக்கும் வந்தது. என் பிறந்தநாள் செப்டம்பரில்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றால் வழியில்லை. சட்டம் போட்டதே நான்தான். பதவி ஏற்ற முதல் வாரம்: "சங்க விஷயம் வீட்டுக்குள்ள வேண்டாங்க. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க." இவர் ஊருக்கு வெளியே டிரான்ஸ்மிட்டர் நிலையத்தில் டெக்னீஷியன். தலைவி வீட்டுக்காரர் என்று சலுகை வாங்கிக்கொண்டார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதில்லையா? இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, அதோடு விட்டுவிட்டார். அதனால் என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்த நோட்டுக்கு.

மார்ச் 5, வியாழன்

காலை வணக்கம் இன்று தூங்கிவிட்டார். ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஆறே முக்காலுக்கு வந்தார். அதுவரை பாட்டு ஓடியது. வந்து உட்கார்ந்ததும் தேன் ஒழுகச் சொன்னார்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம்."

நாங்கள் எல்லாருமே அப்படித்தான். தாள் பறந்து போனாலும் கோளாறு. தும்மினாலும் கோளாறு. நான் ஒருமுறை நேற்றைய செய்தியை இன்று வாசித்தேன், அதுவும் கோளாறுதான். சொல்லப்போனால் அந்த வாக்கியத்தை என்னைவிட அழகாகச் சொல்கிறவர் கிடையாது. பதினாறு வருடத்துக்கு முன் சங்கம் ஒரு பொது அவசர அறிவிப்பு பதிவு செய்து எல்லா நிலையங்களுக்கும் கொடுத்தது. அது என் குரல்.

மார்ச் 9, திங்கள்

கம்பத்தார் போய்விட்டார்.

ஒலிபரப்புக் கம்பத்தின் அடியிலேயே முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த மனிதர் என்பதால் அந்தப் பெயர். இவருக்கு மூத்த சகா, வேலை கற்றுக்கொடுத்தவர். இன்று காலை ஷிஃப்டை முடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருக்கிறார். மாற்றிவிடப் போன இவர்தான் பார்த்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கையெழுத்துக்குக் கீழ எப்பவும் போல ஒரு கோடு போட்டிருக்கார்" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

இறுதிச் சடங்குக்குச் சங்கத்தின் சார்பில் போனோம். வெண்கலம் பதினான்கு நிமிடம் பேசினார். அதில் பதின்மூன்று நிமிடம் வெண்கலத்தின் வாழ்க்கை வரலாறு. பிறகு 'ஒரு நிமிட மௌன அஞ்சலி' என்று தலை குனிந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது விநாடியில் 'நன்றி' என்று முடித்துவிட்டார். குரல் விற்றுப் பிழைக்கிறவர்களால் அதற்கு மேல் சும்மா நிற்க முடியாது. சத்தம் நின்றால் வேலை போய்விடும் என்று எங்களுக்கு ஒரு பயம்.

டெக்னீஷியன்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள். வெண்கலம் நன்றி சொன்ன பிறகும் அவர்கள் தலை நிமிரவில்லை. இவரும்.

மார்ச் 14, சனி

கம்பத்தாரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து சங்கம் கொடுத்த இணை உறுப்பினர் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். கூடவே ஒரு கட்டுக் காகிதம்: முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக் கம்பத்தார் எழுதிய மனுக்கள். பத்தொன்பது. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் 'விதி 4' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கடைசி இரண்டில் இருப்பது என் கையெழுத்து.

விதி நான்கு: எவருடைய குரல் குறைந்தது நூறு மணி நேரம் வானலையில் ஒலித்திருக்கிறதோ அவரே முழு உறுப்பினர். மற்றவர் இணை உறுப்பினர். அதாவது கூட்டத்துக்கு வரலாம், டீ குடிக்கலாம், கை தட்டலாம். கை தூக்க முடியாது. பேசவும் முடியாது, எழுதிக் கொடுக்க வேண்டும். செத்த பிறகு மண்டபத்துப் பெயர்ப் பலகையில் தங்க எழுத்தில் பெயர் ஏறுவது முழு உறுப்பினருக்கு மட்டும்.

"பலகையில அவர் பேரு வரணும்மா. வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

"பரிசீலிக்கிறோம்மா."

"இந்த வார்த்தையை அவரு பத்தொன்பது தடவை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்காரு."

டீ வரவழைத்தேன். குடிக்காமல் போய்விட்டார். என்ன பிடிவாதம். பலகையில் பெயர் இருந்தால் மட்டும் போனவர் எழுந்து வந்து படிக்கவா போகிறார்? — இப்படி எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். தோன்றியது தோன்றியதுதான்.

மார்ச் 17, செவ்வாய்

செயற்குழு. பெயர்ப் பலகைக் கோரிக்கை. எல்லாருக்கும் திடீரென்று விதி மேல் பக்தி வந்துவிட்டது. 'இவருக்குப் போட்டா எலக்ட்ரீஷியனுக்கும் போடணும்' என்றார் காலை வணக்கம். 'அப்புறம் வாசல் காவலாளிக்கும்' என்றது வெண்கலம். இந்த வெண்கலத்தின் பெயர் பலகையில் ஏறும் நாளில் எழுத்துக்கூடக் கூச்சப்படும்.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விதியில் கை வைத்து எண்பத்தாறு பேரின் தலைக்கனத்தைச் சீண்ட எனக்கு மட்டும் என்ன பைத்தியமா? ஆனால் அந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏப்ரல் 8, காலை ஒன்பது மணி. பதினொரு நிலையங்களும் ஒரே சமயத்தில் ஒரு நிமிடம் ஒலிபரப்பை அமைதியாக வைத்து அஞ்சலி செலுத்துவது. இதுவரை யாரும் செய்யாதது. பலகை, விதி என்ற பேச்சே வேண்டாம்.

ஏகமனதாக நிறைவேறியது. இந்தக் குழு ஏகமனதாக ஒன்றை நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. ஒரு பெயர் எழுதாமல் தப்பித்த சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. என் முகத்தில் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

மார்ச் 21, சனி

அமைதியை அறிவிப்பது யார் என்று ஐந்து பேருக்குள் சண்டை. 'இப்போது ஒரு நிமிட அமைதி' என்ற நாலு வார்த்தைக்கு ஐந்து வெண்கலக் கடைகள். ஒருவர் பின்னணியில் மெல்லிய வயலின் போடலாம் என்றார். அமைதிக்குப் பின்னணி. தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் நானே அறிவிப்பதாக முடிவு. பத்திரிகைக்காரர்கள் என் புகைப்படம் கேட்டார்கள். நல்லதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

தபாலில் இணை உறுப்பினர்களிடமிருந்து ஒரு நீளக் கவர். மேலே தட்டச்சில் 'தலைவர் பார்வைக்கு'. போன முறை எழுதியது டிரான்ஸ்மிட்டர் நிலையத்துக் குடிநீர் பற்றி. அதற்கு முந்தையது மழைக்கோட்டு பற்றி. இதிலும் மின்விசிறியோ மண்ணாங்கட்டியோ இருக்கும். அஞ்சலி வேலை முடியட்டும், பிறகு பிரிக்கலாம்.

கவர் நல்ல கெட்டித்தாள். இந்த நோட்டுக்குப் பக்க அடையாளம் வைக்க வசதியாக இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

காலையில், நான் போட்ட சட்டத்தை மீறி இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்க கவர் வந்துதா?"

"வந்துச்சு. கவனிக்கிறேன்."

தலைவியான பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எல்லாம் தயார். மண்டபத்தில் ஒரு நீள மேசை, அதன் மேல் பதினொரு ரேடியோ, நிலையத்துக்கு ஒன்று. அமைதி பதினொன்றிலும் ஒரே நேரத்தில் இறங்குவதைப் பத்திரிகைக்காரர்கள் காதால் கேட்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. கம்பத்தாரின் மனைவியையும் அழைத்தேன். வீட்டிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றார். உறவுக்காரர்கள் எல்லாரையும் வரச்சொல்லியிருக்கிறாராம்.

ஏப்ரல் 8, புதன்

எழுதத்தான் வேண்டுமா?

ஒன்பது மணி. நான் அறிவித்தேன். நன்றாக அறிவித்தேன், அதில் குறையில்லை. பதினொரு ரேடியோவும் அடங்கின. மண்டபத்தில் நாற்காலி அசையவில்லை. ஒரு பத்திரிகைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து. பதினைந்து. வெண்கலம் பதினேழில் வாயைத் திறந்தார், முறைத்தேன், மூடிக்கொண்டார். இருபது —

முதல் ரேடியோ பேசியது. என் குரல்.

"அன்பார்ந்த நேயர்களே, தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நிகழ்ச்சி தடைப்பட்டுள்ளது. பொறுத்தருள வேண்டுகிறோம்."

பதினாறு வருடத்துக்கு முந்தைய என் குரல். இளமையாக, சிரித்துக்கொண்டு. அடுத்து மூன்றாவது ரேடியோ, அதே வாக்கியம். ஏழாவது. நாலாவது. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ஒரே நேரத்தில் எட்டு வாயால் நான் கோளாறு கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மீதி மூன்றில் ஒன்று கல்யாணப் பாட்டு, ஒன்று பற்பசை விளம்பரம், ஒன்று குழந்தைகளுக்கான முயல் கதை. நான் பாய்ந்து போய் ரேடியோக்களை அணைக்கப் பார்த்தேன். அவசரத்தில் இரண்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

பத்திரிகைப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க முயலவும் இல்லை.

பிறகு செயற்குழு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. "டெக்னீஷியன்க வேணும்னே பண்ணியிருக்காங்க" என்றார் காலை வணக்கம். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெண்கலம் அறிக்கை எழுதினார்: 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக…' என் கையெழுத்துக்காக நீட்டினார். எழுத்துப்பிழை பார்த்துவிட்டு நாளை போடுகிறேன் என்று வாங்கி வைத்தேன். உண்மையில் அவர்கள் முன்னால் போட விருப்பமில்லை.

வந்ததும் இந்த நோட்டை எடுக்கக்கூட இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு தாளில் எழுதுகிறேன், பிறகு நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கம்பத்தாரின் மனைவி போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க பேசுனதைக் கேட்டேம்மா. கோளாறுன்னு சொன்னீங்க. அவரு இருந்த வரைக்கும் உங்க எல்லாரு தப்பும் அவரு தலையிலதான் விழுந்துது. நீங்க கோளாறுன்னு ரேடியோவுல சொல்றப்பல்லாம், 'இன்னைக்கு நான் என்ன பண்ணினேன்னு தெரியலையே'ன்னு சிரிப்பாரு. போனதுக்கு அப்புறமுமா?"

வைத்துவிட்டார்.

சமையலறையில் இவர் டிஃபன் கட்டிக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கேட்டேன். எந்தச் சட்டமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"உங்க ஆளுங்க வேணும்னே பண்ணினாங்களா?"

"எது?"

"நேத்து. தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"இருபது செகண்டு சத்தம் நின்னா, டிரான்ஸ்மிட்டர் பக்கத்துல இருக்கிற பெட்டி, உள்ள எந்த நாடா இருக்கோ அதைத் தானா ஓட்டிடும். எல்லா நிலையத்துலயும் அப்படித்தான். எழுத்துப்பூர்வமா உத்தரவு இல்லாம அந்தப் பெட்டியில கை வெச்சா வேலை போயிடும். அதைத்தான் எழுதியிருந்தோமே."

"எங்க எழுதினீங்க?"

"கவர்ல. வந்துச்சு, கவனிக்கிறேன்னு சொன்ன."



"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எழுத்துல குடுன்னு சொன்னது நீ." டிஃபன் மூடியை இறுக்கினார். "பதில் வரல. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்கபோலன்னு மத்தவங்க சொன்னாங்க. எனக்குத் தெரியும், நீ பிரிச்சிருக்க மாட்டன்னு. ஒரு தடவையாவது நீயா கேப்பியான்னு பார்த்தேன்."

"அப்ப வேணும்னுதான் சும்மா இருந்தீங்க."

"கொஞ்சம்" என்றார். போய்விட்டார்.

நோட்டை எடுத்தேன். கவர் ஏப்ரல் 7-ம் தேதிப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பதினைந்து நாளாக இதை எடுத்து வைத்து, எடுத்து வைத்துத்தான் எழுதியிருக்கேன். எத்தனை தடவை தொட்டிருக்கேன் இதை. காது உள்ளவர் ஒருத்தரும் இல்லைன்னு முதல் பக்கத்துல எழுதினவ நான்தானே? இப்ப யாரைச் சொல்றது? அந்த வெண்கலத்தையா?

பிரித்தேன். உள்ளே இரண்டு தாள். கீழே பத்தொன்பது கையெழுத்து. கடிதம் எழுதியிருந்தது இவர் கை. இருபத்தேழு வருடமாக மளிகைச் சீட்டில் நான் பார்க்கிற எழுத்து. இங்கே 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கிறது.

முதல் தாளில் பெட்டி விவரம். அஞ்சலி நேரத்தில் அதை நிறுத்திவைக்க நிலையங்களிடமிருந்து ஒரு வரி உத்தரவு வாங்கித் தர வேண்டும் என்ற வேண்டுகோள். 'கம்பத்தாருக்காகச் செய்யும் இந்த அமைதி முழுதாக அமைய வேண்டும் என்பது எங்கள் ஆசை' என்று முடிகிறது.

இரண்டாவது தாளை அப்படியே எழுதி வைக்கிறேன்:

'விதி நான்கு குறித்து. தினமும் அதிகாலை ஒலிபரப்பு தொடங்கும் முன் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க, பணியில் இருக்கும் டெக்னீஷியன் ஒரு நிமிடம் மைக்கில் பேசுவது வழக்கம்: ஒலிபரப்புச் சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று என்று. அது வானலையில் போகிறது. கம்பத்தார் வருடத்துக்கு இருநூற்று எண்பது நாள் வீதம் முப்பத்தொரு வருடம் பேசியிருக்கிறார். நூற்று நாற்பத்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பதிவேடுகள் எங்களிடம் உள்ளன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதைக் குரல் என்று எங்களுக்கே இத்தனை நாள் தோன்றவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.'

அழுதேன். எழுதி வைக்கிறேன், அழுதேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

செயற்குழுவில் கவரை மேசை மேல் வைத்தேன். அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பதினேழு விநாடிக்கு மேலேயே இருக்கும். பிறகு காலை வணக்கம் என் பக்கம் சாய்ந்து, இதுவரை இல்லாத பரிவோடு சொன்னார்: "கவர் வரவே இல்லைன்னு சொல்லிடலாம் தலைவரே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எழுதினவங்களுக்குத் தெரியும்."

"அவங்களுக்கு ஓட்டு இல்லையே."

உண்மையைச் சொல்லும்போது இந்த மனிதரின் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது.

வெண்கலம் விரலை நீட்டி எண்ணிக் காட்டினார். உண்மையைச் சொன்னால் சங்கத்துக்கு அவமானம், நிலையங்களுக்கு அவமானம், எனக்குத் தேர்தல் போச்சு. ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரி. ரெண்டு நாளில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். மூன்றும் சரிதான். அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பயனுள்ள பேச்சு.

அறிக்கையை நாலாகக் கிழித்தேன். மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். குப்பைக்கூடை பக்கத்தில் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

என் நிலையத்தில் ஒன்பது மணிச் செய்திக்கு முன்னால் நாற்பது விநாடி கொடுத்தார்கள். மற்ற பத்தும் மறுத்துவிட்டன. வாசித்தது இது:

"ஏப்ரல் எட்டாம் தேதி அஞ்சலி தடைப்பட்டது தொழில்நுட்பக் கோளாறால் அல்ல. இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்தது. அது தடைப்படும் என்று டெக்னீஷியன்கள் பதின்மூன்று நாள் முன்பே எனக்கு எழுதியிருந்தார்கள். நான் கடிதத்தைப் பிரிக்கவில்லை. தவறு என்னுடையது."

இருபத்திரண்டு விநாடிதான் ஆனது. மீதியை அப்படியே விட்டுவிட்டேன். பதினெட்டு விநாடி, பெட்டி எழுந்திரிக்காது.

அறையை விட்டு வெளியே வந்தபோது கூட வேலை பார்க்கிற ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் முப்பத்தொரு போன். 'நம்மையே அசிங்கப்படுத்திட்டீங்களே' என்பதை முப்பத்தொரு அழகான குரலில் கேட்டேன். கம்பத்தாரின் மனைவி பேசவில்லை.

சாயங்காலம் இவர் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கேட்டோம்" என்றார். "நிலையத்துல எல்லாரும் நின்னுக்கிட்டே கேட்டோம்."

மே 2, சனி

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக டிரான்ஸ்மிட்டர் நிலையத்துக்குப் போனேன். பஸ் கடைசி நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை. தினம் இந்த மனிதர் இவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஒரே அறை. சுவரை அடைத்துக்கொண்டு இயந்திரங்கள். அவற்றின் சூட்டில் நாலு நிமிடத்தில் என் முதுகு நனைந்துவிட்டது. மின்விசிறி உண்மையாகவே ஓடவில்லை. மண்ணாங்கட்டி என்று எழுதியிருந்தேன். அந்தப் பெட்டியைப் பார்த்தேன். டிஃபன் டப்பா அளவு, பச்சை விளக்கு. பக்கத்தில் ஒரு மைக், நாங்கள் தூக்கியெறிந்த பழைய ரகம், நூலால் கட்டியிருந்தது. அலமாரியில் முப்பத்தொரு பதிவேடு. இவர் இறக்கிக் கொடுக்க, நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். '5.24 — ஒலிபரப்புச் சோதனை — குரல் — ஒரு நிமிடம்.' கையெழுத்து. கீழே ஒரு கோடு. குரல் என்றுதான் எழுதியிருக்கிறார், ஒவ்வொரு நாளும். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று சனிக்கிழமை தேவைப்படும், எல்லார் கணக்கையும் எடுக்க.

"உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"நூத்திப் பத்து இருக்கும்" என்றார், வெட்கத்தோடு. என் வீட்டுக்காரர் தினம் காலை ரேடியோவில் பேசியிருக்கிறார். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 28, வியாழன்

விதி நான்கில் ஒரு எழுத்தை மாற்றவில்லை. அப்படியே பின்பற்றினேன். நூறு மணி நேரம் தாண்டிய பதினான்கு டெக்னீஷியன்களின் மனுவிலும், கம்பத்தாரின் இருபதாவது மனுவிலும் கையெழுத்துப் போட்டேன். இருபதாவதை அவர் மனைவி எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து பேருக்கு இன்னும் மணி நேரம் போதவில்லை. பேசிக்கொண்டிருக்கட்டும், சீக்கிரம் வந்துவிடும்.

வெண்கலம் ஓடி வந்தார். "ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுறதெல்லாம் குரலா தலைவரே?"

"நீங்க பேசுறதை எல்லாம் சேர்த்துக்கிட்டோமே" என்றேன்.

புது உறுப்பினர் அடுத்த கூட்டத்திலிருந்துதான் ஓட்டுப் போடலாம். அது எனக்குத் தெரியும். அதனால் என்ன.

மே 30, சனி

தோற்றேன். அறுபத்தொன்று, இருபத்து நான்கு. காலை வணக்கம் என் கையைக் குலுக்கி 'காலை வணக்கம்' என்றார். மணி நாலு.

இருபத்து நான்கு பேர் யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் கணக்கில் ஒன்பதுக்கு மேல் வரவில்லை. இந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியாமல் பதினைந்து பேர் இருந்திருக்கிறார்கள்.

ஜூன் 13, சனி

புதுத் தலைவரின் முதல் பொதுக்கூட்டம். கடைசி வரிசையில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பலகை நன்றாகத் தெரிகிறது. கம்பத்தாரின் பெயரில் தங்கப் பூச்சு இன்னும் புதுசு. மேலே உள்ள பெயர்கள் எல்லாம் மங்கித் தெரிகின்றன. அவர் மனைவி வந்ததும் நேரே அதன் அடியில் போய் நின்று, இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இந்த முறை டீ குடித்தார்.

காலை வணக்கம் எழுந்து மைக் முன்னால் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினார். ஊதினார். அப்புறம் பழக்கதோஷம், தொண்டையைத் திறந்து சொன்னார்: "மன்னிக்கணும், ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு."

பக்கத்தில் இவர் கையைத் தூக்கினார். நேராக, முழங்கை மடங்காமல்.

தலைவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். முழு உறுப்பினர் கை தூக்கினால் பேச விட்டாக வேண்டும். "சொல்லுங்க."

"மைக்ல ஸ்விட்ச் போடலை, தலைவரே."

முதலில் சிரித்தது கம்பத்தாரின் மனைவி. பிறகு மண்டபமும் சேர்ந்துகொண்டது. வெண்கலம் குனிந்து நடவடிக்கைப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டிருந்தார், எழுதித்தான் ஆக வேண்டும். தலைவர் ஸ்விட்சைத் தேடிப் போட்டு, பேச ஆரம்பித்து, வெகு நேரம் பேசினார். இவர் கையை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.